விசுவாசம், ரத்த உறவு, போதைப் பணம்: முதல் குற்ற நாவல் எழுதுகிறவர்களுக்கு

குற்ற நாவல் எழுத உட்காரும் பலரும் முதலில் யோசிப்பது ஒரு கொலையை. செத்தது யார், எப்படிச் செத்தார், யார் கண்டுபிடிக்கப் போகிறார். துப்பறியும் கதைக்கு அது சரிதான். போதைப் பணத்தில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுத நினைத்தால் கொலையில் தொடங்காதீர்கள், பணத்தில் தொடங்குங்கள். இந்த வகை நாவலில் குற்றவாளி யாரென்று முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். 'இவர்களில் யார் யாரை விட்டுக்கொடுப்பார், எப்போது' என்ற கேள்விதான் வாசகரைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துப் போகிறது. அதற்கான விடை, அந்த வீட்டில் பணம் யார் கையில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதில்தான் கிடக்கிறது.

இனி வரும் படிகளில் முதல் மூன்றையும் நாவலின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நேரம் அதிகம் போகட்டும், பரவாயில்லை.

படி 1: குடும்பத்தை ஒரு தாளில் எழுதுங்கள்

ஐந்து பேர் போதும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மூத்த அண்ணன், சரக்கை நகர்த்துகிறவன். தம்பி, அண்ணன் சொல்வதைச் செய்கிறவன். ஒரு தங்கை, பள்ளி ஆசிரியை. அவள் கணவன், வாகனப் பட்டறை வைத்திருப்பவன். அப்புறம் அம்மா.

ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். தொழிலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? எதைத் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார்? அந்தப் பணத்தில் அவருக்கு என்ன வந்தது? அவர் பெயரில் என்ன இருக்கிறது? நான்காவது கேள்வியைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வீடு தங்கை பெயரில், வண்டி மச்சான் பெயரில், வங்கிக் கணக்கு அம்மா பெயரில் என்று எழுதிப் பாருங்கள். கதை அந்த இடத்திலேயே பாதி பிறந்துவிடும். பினாமியாக இருப்பவர் ஒரே நேரத்தில் குடும்பத்தின் செல்லப்பிள்ளையும் முதல் குற்றவாளியும் ஆகிவிடுகிறார்.

'எனக்கு எதுவும் தெரியாது' என்பதிலும் பல படிநிலைகள் உண்டு. உண்மையாகவே தெரியாதவர் ஒரு வகை. தெரியும், ஆனால் கேட்க மாட்டார் என்பது இன்னொரு வகை. யாரும் தன்னிடம் சொல்லிவிடக் கூடாதே என்று பேச்சை மாற்றிக்கொண்டே இருப்பவர் மூன்றாவது வகை. அம்மாவை எந்த வகையில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நாவலின் குரலே மாறும். என் கருத்து: மூன்றாவது வகை அம்மாதான் மிக வலுவான பாத்திரம். அவள் பேச்சை மாற்றும் ஒவ்வொரு தடவையும் வாசகருக்கு ஒரு தகவல் கிடைக்கிறது.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மெக்சிகோவின் செட்டாஸ் கும்பலின் தலைவர்களில் ஒருவரான மிகேல் ட்ரெவினோவுக்கு ஹோசே என்று ஒரு சகோதரர். அமெரிக்காவில் கொத்தனாராக வேலை பார்த்தவர். அவர் பின்னாளில் பந்தயக் குதிரைகளை வாங்கி ஓடவிடும் நிறுவனம் நடத்தினார். அவருடைய குதிரை 2010இல் பெரிய பந்தயம் ஒன்றையும் வென்றது. 2012இல் கைது, 2013இல் போதைப் பணத்தை வெள்ளையாக்கிய குற்றத்துக்குத் தண்டனை, 20 ஆண்டு சிறை. செய்திக்கு இது போதும். நாவலாசிரியருக்கு இங்கே பிடிபட வேண்டியது வேறு: செங்கல் அடுக்கிப் பிழைக்கும் ஒருவனிடம் சகோதரன் முதல்முறையாக 'இதை உன் பெயரில் வாங்கு' என்று சொல்லும் அந்த நிமிடம். உங்கள் குடும்பத்தில் அந்த நிமிடம் யாருக்கு, எங்கே, எந்தச் சொற்களில் வந்தது? இதற்குப் பதில் எழுதாமல் இரண்டாம் படிக்குப் போகாதீர்கள்.

படி 2: பணத்துக்கு ஒரு கணக்கு எழுதுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் பணத்தை 'பெட்டி பெட்டியாக' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். பணத்துக்கு எடை உண்டு, வாசம் உண்டு, அது இடத்தை அடைக்கும். அமெரிக்க டாலர் நோட்டு எதுவானாலும் ஏறக்குறைய 1 கிராம் எடை. பத்து லட்சம் டாலர் 100 டாலர் நோட்டுகளாக இருந்தால் 10 கிலோ, ஒருவர் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். தெருவில் விற்ற காசு அப்படி வராது. அதே தொகை 20 டாலர் நோட்டுகளாக இருந்தால் 50 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும், அதாவது ரகசியம் இரண்டாவது ஆளுக்குப் போகிறது. இப்படி ஓர் எளிய பெருக்கல் கணக்கே உங்களுக்குக் கதைத் திருப்பத்தைத் தந்துவிடும். ஐரோப்பிய மத்திய வங்கி 500 யூரோ நோட்டை வெளியிடுவதை 2019இல் நிறுத்தியதற்கு, சட்டவிரோத வேலைகளுக்கு அது உதவுகிறது என்ற கவலைதான் காரணம். பத்து லட்சம் யூரோ அந்த நோட்டில் இரண்டேகால் கிலோவுக்குள் அடங்கிவிடும்.

பணத்தை வெள்ளையாக்குவதை மூன்று கட்டங்களாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். முதலில் ரொக்கத்தை எப்படியாவது வங்கிக்குள் அல்லது ஒரு தொழிலுக்குள் நுழைப்பது. அடுத்து, எங்கிருந்து வந்தது என்று தெரியாதபடி கைமாற்றிக் கைமாற்றித் தடத்தைக் குழப்புவது. கடைசியில் வீடு, நிலம், தொழில் என்று நேர்மையான சொத்தாக வெளியே எடுப்பது. இதைப் பாடமாக நாவலில் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் குடும்பத்தில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். நம் உதாரணத்தில் நுழைக்கும் கட்டம் மச்சானுடைய பட்டறை. நாலு வண்டி வந்த நாளில் பதினான்கு வண்டிக்கு ரசீது எழுதுகிறான். குழப்பும் கட்டம் தம்பியுடையது, அலைச்சல் முழுவதும் அவனுக்கு. வெளியே எடுக்கும் கட்டம் தங்கையின் வீடு. மூன்று பேரும் வேறு வேறு அளவில் ஆபத்தில் இருக்கிறார்கள், மூன்று பேருக்கும் வேறு வேறு அளவில் பங்கு. அந்த வித்தியாசம்தான் பின்னால் சண்டையாக வெடிக்கும்.

சட்டமும் இந்தக் கணக்கில் ஒரு பாத்திரம். அமெரிக்காவில் 1970இல் வந்த வங்கி ரகசியச் சட்டத்தின் வழியாக, 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போட்டால் வங்கி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி உருவானது. உடனே தொகையைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பல பேரை வைத்துப் போடும் பழக்கம் வந்தது. பிறகு அப்படித் துண்டாக்குவதே குற்றம் என்று 1986இல் இன்னொரு சட்டம் வந்தது. உங்கள் கதை எந்த நாட்டில், எந்த ஆண்டில் நடக்கிறதோ அந்த ஆண்டின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வயதான பெண் வங்கி வரிசையில் நின்றுகொண்டு, கையில் இருப்பது எவ்வளவு என்று எண்ணவே பயப்படுகிற காட்சி, பத்துத் துப்பாக்கிச் சண்டைகளைவிடப் பதற்றம் தரும்.

அப்புறம் சம்பளம். போதை வியாபாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று எழுதாதீர்கள். அமெரிக்கத் தெருக் கும்பல் ஒன்றின் உண்மையான கணக்குப் புத்தகத்தைப் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டும் சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷும் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். தெருமுனையில் நின்று விற்கும் பையன்களின் மணிநேர வருமானம் ஏறக்குறைய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி அளவுக்குத்தான் இருந்தது. சாவின் ஆபத்து மட்டும் மிக அதிகம். அப்படியானால் ஏன் நிற்கிறான்? நாளைக்கு மேலே போவோம் என்ற ஆசையில். அவனுக்கு அண்ணன்மீது இருக்கும் விசுவாசத்தின் அடியில் அந்த ஆசைதான் ஓடுகிறது. ஆசை வற்றும் நாள் எது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியின் முடிவில் உங்களிடம் ஒரு பக்கக் கணக்கு இருக்க வேண்டும்: மாதம் எவ்வளவு வருகிறது, யாருக்கு எவ்வளவு போகிறது, எவ்வளவு எங்கே ஒளிந்திருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி. இந்தக் கணக்கு நாவலில் ஒரு வரிகூட வராமல் போகலாம், ஆனாலும் எழுதுங்கள்.

படி 3: விசுவாசம் உடையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

'அவன் அண்ணனுக்காக உயிரையே கொடுப்பான்' என்று எழுதினால் அதை யாரும் நம்புவதில்லை. உயிரைக் கொடுக்கும் நேரம் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும். அதற்கு முன் தினசரி கொடுப்பவை என்ன? பொய் சொல்கிறான், காதலித்தவளிடம் உண்மையைச் சொல்லாமல் அவளை இழக்கிறான், அண்ணன் செய்ததற்குத் தான் பழி ஏற்கிறான். விசுவாசத்தை இப்படிச் சின்னச் சின்ன விலைகளாக எழுதுங்கள்.

பிறகு, ஒவ்வொருவரும் எந்த இடத்தில் உடைவார் என்று முடிவு செய்யுங்கள். பயத்தால், காசுக்காக, சிறைக்கு அஞ்சி என்ற மூன்றும் முதலில் மனதில் தோன்றுபவை. ஆழமான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன, அதற்கு வரலாற்றில் நல்ல உதாரணங்கள் உண்டு.

இத்தாலியின் சிசிலித் தீவில் இயங்கும் கோசா நோஸ்த்ரா என்ற மாஃபியா அமைப்பைச் சேர்ந்த தொம்மாசோ புஷெட்டா 1984இல் நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயிடம் பேசத் தொடங்கினார். அவருடைய இரண்டு மகன்கள் 1982இல் காணாமல் போயிருந்தார்கள். இன்னும் பல உறவினர்களையும் அமைப்புக்குள்ளேயே இருந்த எதிரணி கொன்றிருந்தது. பலேர்மோவில் 1986இல் தொடங்கி 1987 டிசம்பரில் முடிந்த பெரும் வழக்கில் 300க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட அவருடைய சாட்சியம் முக்கியக் காரணம். தான் துரோகி இல்லை, அமைப்பின் பழைய நெறிகளுக்குத் துரோகம் செய்தவர்கள் எதிரணியினர்தான் என்பதே புஷெட்டாவின் நிலை. எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். காட்டிக்கொடுக்கிறவர் தன் மனதுக்குள் விசுவாசியாகவே இருக்கிறார். உங்கள் பாத்திரம் அப்ரூவர் ஆகும் நாளில் அவருக்கு அப்படி ஒரு நியாயம் இருக்க வேண்டும், படிக்கிறவருக்கும் அது பாதி சரியாகத் தோன்ற வேண்டும்.

இத்தாலியின் கலாப்ரியா பகுதியிலிருந்து வளர்ந்த ந்த்ராங்கெட்டா என்ற குற்ற அமைப்பு இன்னொரு பாடம். அதன் அடிப்படை அலகே ரத்த உறவுக் குடும்பம். அதனால்தான் அங்கிருந்து சாட்சி சொல்ல வந்தவர்கள் நீண்ட காலம் மிகக் குறைவாக இருந்தார்கள். பேச வேண்டுமென்றால் அப்பாவையும் அண்ணனையும் சிறைக்கு அனுப்ப வேண்டும். அதையும் மீறிப் பேசியவர் லேயா காரோஃபாலோ. 2009இல் அவரைக் கொன்ற வழக்கில் அவருடைய முன்னாள் துணைவருக்குத் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் சொந்தத் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னது அவர்களுடைய மகள். அம்மாவுக்கு விசுவாசமா, அப்பாவுக்கு விசுவாசமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரு பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட முடிச்சு ஒன்று உங்கள் நாவலில் இல்லையென்றால் குடும்பம் வெறும் பின்னணியாகப் போய்விடும்.

சிகாகோவின் ஃபுளோரஸ் இரட்டையர்களையும் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் சினலோவா கும்பலின் சரக்கைப் பெருமளவில் விநியோகித்தவர்கள். 2008இல் அமெரிக்க அதிகாரிகளோடு ஒத்துழைத்து, கும்பல் தலைவர் குஸ்மானுடன் பேசிய தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்து கொடுத்தார்கள். 2009இல் எச்சரிக்கையை மீறி மெக்சிகோ போன அவர்களுடைய தந்தை திரும்பவே இல்லை. காட்டிக்கொடுத்தவர் பிழைத்துக்கொள்கிறார், விலையைக் குடும்பத்தில் இன்னொருவர் கொடுக்கிறார். உங்கள் கதையில் அந்த இன்னொருவர் யார்?

படி 4: யார் சொல்கிறார் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாம் தெரிந்த அண்ணனின் வாயால் கதை சொன்னால் ரகசியம் மிஞ்சாது. எதுவும் தெரியாத அம்மாவின் பார்வையில் சொன்னால் கதை நகராது. பாதி தெரிந்தவர்தான் சரியான ஆள். நம் குடும்பத்தில் அது தங்கையோ மச்சானோ. முதல் நாவலுக்கு ஒரே பார்வைக்கோணம் போதும். தன்மையில், அதாவது 'நான்' என்று எழுதினால், கதைசொல்லி தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதைக் காட்ட வசதி அதிகம். பல பேர் பார்வையில் எழுத ஆசைப்பட்டால், ஒருவர் இறப்பதற்கு முன் கடைசி அத்தியாயத்தை அவருக்குக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது தடவையே வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

படி 5: முதல் காட்சி

பெரிய வன்முறையை முதல் பக்கத்தில் வைத்தால் அதைவிடப் பெரியதைத் தேடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஒரு குடும்ப நிகழ்வில் தொடங்கலாம். திருமணம், பிறந்தநாள், சாவு வீடு, எதுவும் சரி. எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள், யார் யாருக்கு அருகில் உட்காருகிறார் என்பதே அதிகாரத்தைக் காட்டிவிடும். அந்தக் காட்சியில் பணம் ஒரு தடவை கண்ணில் பட வேண்டும், ஒருவர் பார்வையை விலக்க வேண்டும். அது போதும்.

படி 6: பேச்சு

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விஷயத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களும் அப்படியே. இரண்டு மௌனங்களும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் உரையாடல் எழுத வேண்டும். தங்கையும் அண்ணனும் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"அண்ணா, பத்திரத்துல ஏன் என் பேரு இருக்கு?"

"உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான்."

"நான் கேட்கவே இல்லையே."

"நீ எதையுமே கேட்க மாட்டேன்னு தெரியும். அதான் உன் பேரு."

இதில் போதை என்ற சொல் இல்லை, சட்டம் இல்லை, மிரட்டலும் இல்லை. அண்ணனுக்கு அவள்மீது பாசம் உண்டு என்பதும் அவளை அவன் பயன்படுத்துகிறான் என்பதும் கடைசி வரியில் சேர்ந்தே தெரிகின்றன. இதையே 'என் கறுப்புப் பணத்தை மறைக்க உன்னைப் பயன்படுத்துகிறேன், மன்னித்துவிடு' என்று எழுதினால் அடுத்த காட்சி எழுத எதுவும் மிச்சமிருக்காது. உரையாடலை எழுதி முடித்ததும் உரக்கப் படியுங்கள். யாராவது அடுத்தவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை விளக்கிக்கொண்டிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

படி 7: வன்முறையும் காவல்துறையும்

வன்முறைக் காட்சிகள் குறைவாக இருக்கட்டும், அதன் பின்விளைவு நீளமாக இருக்கட்டும். அடித்தவன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும் நேரம், அடித்த நேரத்தைவிட முக்கியம்.

காவல்துறையை முட்டாளாகக் காட்டினால் குடும்பத்தின் புத்திசாலித்தனத்துக்கு மதிப்பே இல்லாமல் போகும். விசாரணை பெரும்பாலும் காகிதத்தில்தான் நடக்கிறது. சிகாகோ கும்பல் தலைவர் அல் கபோன் 1931இல் சிறை சென்றது கொலைக்காக இல்லை, வருமான வரிக்காக. கிடைத்த தண்டனை 11 ஆண்டு. முன்பு ஒரு சோதனையில் கைப்பற்றிய சூதாட்ட விடுதிக் கணக்குப் புத்தகங்களும், அவற்றை எழுதிய காசாளரின் சாட்சியமும் அவரை விழவைத்தன. உங்கள் நாவலின் விசாரணை அதிகாரி பட்டறையின் மின்கட்டண ரசீதையும் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பதினான்கு வண்டி பழுதுபார்த்த பட்டறைக்கு இவ்வளவு குறைந்த மின்சாரமா என்று அவருக்குத் தோன்றட்டும்.

படி 8: தெரிந்துகொள்ள வேண்டியவை, தொடக்கூடாதவை

நீதிமன்றத் தீர்ப்புகளைப் படியுங்கள். குற்றவாளிகள் பேசிய விதம், பங்கு பிரித்த விதம், பிடிபட்ட விதம் எல்லாம் அவற்றில் இருக்கும். பணச்சலவைக்கு எதிராக 1989இல் ஏழு வளர்ந்த நாடுகள் சேர்ந்து தொடங்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு வெளியிடும் அறிக்கைகளில் உண்மை வழக்குகளின் சுருக்கங்கள் உண்டு. யாரும் இலவசமாகப் படிக்கலாம். தகவல் சேகரிக்கிறேன் என்று கும்பலோடு தொடர்புடையவர்களைத் தேடிப் போகாதீர்கள். உங்களுக்கும் ஆபத்து, பேசுகிறவருக்கும் ஆபத்து. உயிரோடு இருக்கும் சாதாரண மனிதர்களின் கதையைப் பெயரை மட்டும் மாற்றி எழுதுவதும் வேண்டாம்.

போதைப்பொருள் எப்படித் தயாரிக்கிறார்கள் என்ற விவரம் நாவலுக்குத் தேவையில்லை. அதைவிட அவசியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தச் சரக்கை வாங்கிப் பயன்படுத்துகிறவர் நாவலில் இருந்தாக வேண்டும். அண்ணனின் பாசம், தம்பியின் தியாகம், அம்மாவின் கண்ணீர் என்று முந்நூறு பக்கம் எழுதிவிட்டு, அந்தப் பணம் யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு தடவையும் காட்டாத நாவல் பொய் சொல்கிறது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. அவர் பரிதாபத்துக்காக ஓரமாக வந்து போகும் உருவமாக இருக்கக் கூடாது. பெயர், வேலை, கோபம், நகைச்சுவை எல்லாம் உள்ள ஆளாக இருக்கட்டும். தங்கையின் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பாவாக அவரை வைத்துப் பாருங்கள். அவளுடைய வீட்டின் சுவர் எந்தக் காசில் நிற்கிறது என்பது அவளுக்கே ஒரு நாள் நேருக்கு நேர் தெரிந்துவிடும்.

படி 9: திருத்தம்

முதல் வரைவை நிற்காமல் முடித்துவிடுங்கள். அப்புறம் சில வாரம் தொடாமல் வைத்திருந்து, இரண்டு தடவை தனித்தனியாகப் படியுங்கள். முதல் வாசிப்பில் பணத்தை மட்டும் கவனியுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒளித்து வைத்த தொகை பதினெட்டாம் அத்தியாயத்தில் எங்கே போனது? இரண்டாவது வாசிப்பில், ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் யார் யாரை முன்பைவிட நம்புகிறார், யார் நம்பிக்கை இழந்தார் என்று ஓரத்தில் குறியுங்கள். எதுவுமே மாறாத காட்சி எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதை வெட்டலாம்.

முடிவில் எல்லோரையும் கொன்று தீர்ப்பதும் எல்லோரையும் சிறையில் அடைப்பதும் சுலபம். யாராவது ஒருவர் அந்தப் பணத்தோடு தொடர்ந்து வாழ வேண்டிய நிலையில் முடியுங்கள், அது கடினமானது, உண்மைக்கு நெருக்கமானது.

கடைசியாக, மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'எந்தப் பக்கத்தில் யார்மீது முதல் சந்தேகம் வந்தது, அதை மட்டும் குறித்துக் கொடுங்கள்' என்று கேளுங்கள். துரோகம் நடக்கும் அத்தியாயத்துக்கு ஐம்பது பக்கம் முன்னால் ஒருவராவது சரியான ஆளைக் குறித்திருந்தால் நல்லது. மூன்று பேரும் முதல் பத்துப் பக்கத்திலேயே குறித்திருந்தால் அந்தக் குறிப்பைத் தணியுங்கள். ஒருவருமே குறிக்கவில்லை என்றால் அந்தப் பாத்திரத்துக்கு நாவலின் நடுவில் இன்னும் இரண்டு காட்சிகள் தேவை. அவற்றை எழுதிச் சேர்த்துவிட்டு, இதுவரை படிக்காத வேறு மூன்று பேரிடம் கொடுங்கள்.